‘ஆமா’ மட்டும் சொன்னவரின் சவரக்கத்தி

தம்பிகளா,

போன செவ்வாய்க்கிழமை, கடைகளுக்கு லீவு நாளில் நடந்த நம் சலூன்காரர் சங்கக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் எழுந்து, “அண்ணே, தீட்டுன கத்தி பிடிக்கலேன்னா மொதல்ல எதப் பாக்கணும்? கல்லையா, தோல்பட்டையையா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டு நன்றியுரைக்குப் போய்விட்டார். என் பேச்சு எவ்வளவு தூரம் நீளும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் பதிலை எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

இந்தக் கேள்வி ஏன் இப்போது வருகிறது என்று எனக்குத் தெரியும். மதுரையில் ஏசி போட்ட சலூன்களில் மடக்குக் கத்தியால் முகம் வழிப்பது புது மவுசாகியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நம் அருப்புக்கோட்டையிலும் மூன்று நான்கு பேர் கத்தி வாங்கி வைத்துக்கொண்டு முழிக்கிறீர்கள். கல்லில் எப்படி வைப்பது, எத்தனை தடவை இழுப்பது என்பதெல்லாம் கையால் செய்து பழக வேண்டியவை. அவற்றை நான் எழுதப்போவதில்லை. கத்தி பிடிக்காதபோது, அதாவது முடியை வெட்டாமல் இழுக்கும்போது, ஒரு மனுசன் என்னென்ன கோமாளித்தனம் பண்ணுவான் என்பதை மட்டும் சொல்கிறேன். உதாரணத்துக்கு வேறு யாரையும் தேட வேண்டாம், நானே இருக்கிறேன்.

நான் கடையை விடுவதற்கு முந்தைய வருடம் நடந்தது. அப்போது நானும் உங்களைப் போலப் பிளேடு மாட்டும் கத்தியை வைத்துத்தான் கடையை ஓட்டிக்கொண்டிருந்தேன். பிளேடு வந்தது நல்லதற்குத்தான். அதைத் திட்டி ஒப்பாரி வைக்கும் ஆள் நானில்லை. ஆனால் ஐந்து பேர் மட்டும் பிளேடை முகத்தில் வைக்க விடமாட்டார்கள். ஆளுக்கொரு மடக்குக் கத்தி சொந்தமாக வைத்திருந்தார்கள். கத்தி அவர்களுடையது, இருக்குமிடம் என் மேஜை டிராயர். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொரு பிடியிலும் ஒவ்வொரு நிறத்தில் நூல் சுற்றியிருப்பேன். ஒருவர் கத்தி இன்னொருவர் முகத்தில் படாது. தீட்டி வைக்க வேண்டியது என் பொறுப்பு. அந்த டிராயரைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். ஊரில் இத்தனை கடை இருக்க, ஐந்து பேர் தங்கள் கத்தியை என்னிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார்களே என்று.

அந்தச் சமயத்தில்தான் என் மகன் எனக்குப் பெரிய போன் ஒன்று வாங்கித் தந்தான். அதுவரை, போனைப் பார்த்து முடிவெட்டக் கற்றுக்கொள்கிறவர்களை நான் செய்த கிண்டல் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். போன் கைக்கு வந்த பத்தாம் நாள், கத்தி தீட்டுவது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரர் காட்டும் வீடியோவில் நானே விழுந்து கிடந்தேன். சவரக்கத்தி தீட்டச் சொல்லிக் கொடுத்த அந்த மனிதருக்கு நெஞ்சுவரை தாடி. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் பேசியது ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் கை செய்வது கண்ணுக்குத் தெரிகிறதே, தொழில்காரனுக்குத் தொழில்காரன் பாஷை எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

நாமெல்லாம் கத்தியைக் கல்லில் இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு என்று சரிசமமாகத்தான் தீட்டுவோம். அவர் ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை இழுத்தார். மறுபக்கத்தைப் பேருக்கு ஒரு தடவை. கடைசியில் தாளை நறுக்கிக் காட்டினார், தாள் சத்தமில்லாமல் இரண்டானது. நாற்பது வருடமாகச் சமமாக இழுத்து வாழ்க்கையை வீணாக்கிவிட்டோமே என்று எனக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. அன்றைக்கே ஐந்து கத்திகளையும் எடுத்து, தாடிக்காரர் செய்தபடியே தீட்டி வைத்தேன்.

முதலில் வந்தவர் பந்தல்குடிக்காரர், லாரி வைத்திருப்பவர். பாதிச் சவரத்தில் முகத்தைச் சுளித்தார்.

“என்னப்பா, கத்தி இழுக்குது. எடது பக்கம் மசுரப் பிடுங்குற மாதிரி இருக்கு.”

“தண்ணி அப்பிடிண்ணே. இந்த போர்த் தண்ணி உப்புல நுரை எங்க நிக்கிது? மசுரு ஊறவே மாட்டேங்குது” என்றேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குக் கூடத்துக்குப் பதில் போர்த் தண்ணீர் கிடைத்தது. நம் பக்கத்தில் எந்தக் குற்றத்தையும் தாங்கிக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டென்றால் அது உப்புத் தண்ணீர்தான். அன்று முதல் சவரத்துக்குக் கேன் தண்ணீர் வாங்கினேன். அடுத்த வாரம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்து, இடது தாடை எரிகிறது என்றார். சோப்பை மாற்றினேன். மூன்றாமவர் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டே போனார். கல்லில் தீட்டிய பிறகு கத்தியைத் தேய்த்தெடுக்கும் தோல்பட்டைக்கு நான் எண்ணெய் போட்டேன்.

ஒவ்வொரு புகாருக்கும் கத்தியை மறுபடி கல்லில் வைத்தேன், அதே தாடிக்காரர் கணக்கில். மருந்துதான் நோய் என்று தெரியாமல் நோய் கூடக்கூட மருந்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தீட்டியதும் என் இடது முன்கையில் வைத்துச் சோதித்துப் பார்ப்பேன். முடி பொலபொலவென்று உதிரும். பிறகு என்ன குறை இவர்களுக்கு என்று தோன்றும். அந்த மூன்று மாதத்தில் என் இடது கையில் ஒரு முடி கிடையாது. புகார் சொன்ன எல்லாரும் இடது பக்கம், இடது பக்கம் என்று சொன்னார்கள். புகார் காதில் விழுந்தது, பக்கம் விழவில்லை.

ஒவ்வொருவராகக் கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மரியாதைப்பட்ட மனிதர்கள், வாங்கிக்கொள்ளும்போது யாரும் உண்மைக் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஒருவர் மருமகன் சவர மெஷின் வாங்கித் தந்திருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் ஆள் அனுப்பினார். வந்தவன், “ஆயுத பூசைக்குச் சாமி கும்பிட வைக்கணுமாம். கத்திய வாங்கிட்டு வரச் சொன்னாக” என்றான். அப்போது மாசி மாதம்.

டிராயரில் மிஞ்சியது ஒரே ஒரு கத்தி, சிவப்பு நூல் சுற்றியது. அது எம்.ரெட்டியபட்டிப் பெரியவருடையது. பருத்தியும் கம்பும் பயிரிட்ட சம்சாரி. நல்லாயிருந்த காலத்தில் என் கடை நாற்காலியில் உட்கார்ந்து எனக்கே தொழில் சொல்லித் தருவார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வலது கன்னத்தில் உணர்ச்சியும் குறைவு. பேச்சு போய்விட்டது, ஒரு சொல்லைத் தவிர. எதைக் கேட்டாலும் “ஆமா” என்பார். சாப்பிட்டீகளா? ஆமா. சாப்பிடலையா? ஆமா.

புதனும் ஞாயிறும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் மொபெட்டில் போய் அவருக்குச் சவரம் செய்துவிட்டு வருவேன். வீட்டில் மருமகள் வளர்மதிதான் அவரைப் பார்த்துக்கொண்டாள். பாலவனத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெரியவரின் மகன், அவள் புருசன், ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். அவன் முதல் நாளே போனில் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

“அண்ணே, அப்பாவுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுக்குறாங்க. சின்னக் கீறல் விழுந்தாலும் நிக்காது. கத்தியே வேண்டாம்னு பாக்குறேன். அவருக்குப் பழகிப்போச்சேன்னுதான் விடுறேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் அதோட நிறுத்திக்குவோம்.”

“நாப்பது வருசக் கை தம்பி” என்றேன் நான்.

மற்ற நாலு பேர் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. காரணம், இந்தப் பெரியவர். ஒவ்வொரு தடவையும் வழிக்கும்போது கேட்பேன்.

“கத்தி எப்பிடி ஐயா, நல்லா பிடிக்குதா?”

“ஆமா.”

“இழுக்கலயே?”

“ஆமா.”

இரண்டாவது ஆமாவை நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். ஐந்து பேரில் நாலு பேர் கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், ஒருவர் மட்டும் நல்லதாகச் சொன்னார். நான் யாரை நம்பினேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆமா என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாத மனிதரை!

ஒரு புதன்கிழமை. வளர்மதி பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கும் கடை வாசலில் ஆள் வந்து காத்திருக்கும் நேரம். வலது கன்னம் வெண்ணெயாக முடிந்தது. இடது பக்கம் வந்தேன். கத்தி தாடையோரம் நின்றுவிட்டது. முடியில் மாட்டிக்கொண்டு முன்னே போகவில்லை. அந்த இடத்தில் ஒரு தொழில்காரன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, கத்தியை எடுத்து மடக்குவது. நான் அழுத்தினேன். நேரமாகிறதே என்று அழுத்தினேன், நாற்பது வருடக் கை என்று சொல்லிவிட்டோமே என்றும் அழுத்தினேன்.

காதுக்குக் கீழே ஒரு விரல்கடை நீளத்துக்குக் கீறிவிட்டது. உங்கள் கையிலும் என் கையிலும் எத்தனையோ தடவை விழுந்திருக்கும் கீறல்தான். படிகாரத்தைத் தடவினால் நிற்கும். அன்றைக்கு நிற்கவில்லை. வெள்ளை நுரை சிவப்பாகி, கழுத்தில் இறங்கி, பனியனுக்குப் போனது. வளர்மதி ஓடி வந்தாள். கத்தவில்லை. சுத்தமான துணியை மடித்து என் கையில் கொடுத்தாள்.

“அழுத்திப் பிடிங்கண்ணே. எடுத்து எடுத்துப் பாக்காதீக. நான் டாக்டருக்குப் போன் போடுறேன்.”

டாக்டரும் அதையேதான் சொன்னார், கால் மணி நேரம் துணியை எடுக்காமல் பிடிக்கச் சொன்னார். நிற்காவிட்டால் வண்டி வைத்துக் கூட்டிவரச் சொன்னார். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முகமும் என் முகமும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. கத்தி வைக்கும் நேரமெல்லாம் கன்னத்தையும் தாடையையும் பார்த்துப் பழகியவன் நான். கண்ணைப் பார்த்ததில்லை. அன்றைக்கு வேறு போக்கிடம் இல்லாமல் பார்த்தேன். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

“வலிக்குதா ஐயா?”

“ஆமா.”

முதல் தடவையாக அந்த ஆமா சரியான கேள்விக்கு வந்திருந்தது.

ரத்தம் நின்றுவிட்டது. வண்டி தேவைப்படவில்லை. வளர்மதி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். பெரியவரின் நல்ல கை, இடது கை, படுக்கை விரிப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தது. அவள் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள்.

“அண்ணே, நீங்க வந்துட்டுப் போற நாள்ல எல்லாம் பெட்ஷீட்டு இந்த எடத்துல கசங்கியிருக்கும். ஷேவிங் பண்ணும்போது ஆடாம இருக்கப் பிடிச்சிக்கிறாகன்னு நெனச்சேன்.”

“எத்தன நாளா தாயி?”

“மூணு மாசம் இருக்கும்.”

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. மூன்று மாதமாக, வாரம் இரண்டு நாள், உணர்ச்சி இருக்கும் ஒரே கன்னத்தில் நான் முடியைப் பிடுங்கியிருக்கிறேன். பிடுங்கிக்கொண்டே நல்லாயிருக்கா என்று கேட்டிருக்கிறேன்.

வீடியோ கதையை அவளிடம் சொன்னேன். போனை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். பாதியிலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, இவரு கையில இருக்குறது வளைஞ்சுபோன கத்தியாம். வளைவு இருக்குறதால ஒரு பக்கத்தக் கூடுதலாத் தீட்டுறேங்குறாரு. நேரான கத்திய இப்பிடித் தீட்டுனா வெட்டுற வாய் ஒரு பக்கமா மடங்கிக் கெட்டுப்போகுமாம். செய்யாதீக, செய்யாதீகன்னு மூணு தடவ சொல்றாரு.”

ஐந்தும் நேரான கத்திகள். வலது கன்னத்தில் கத்தியின் ஒரு முகம் தோலை ஒட்டி ஓடும். இடது கன்னத்துக்குக் கையைத் திருப்பிப் பிடிப்போம், அப்போது மறுமுகம் ஓடும். கூரெல்லாம் ஒரு பக்கமாக மடிந்துவிட்டதால் ஒரு கன்னத்தில் வெட்டியது, மறு கன்னத்தில் பிடுங்கியது. என் முன்கையில் சோதித்ததும் எப்போதும் அந்த நல்ல முகத்தை வைத்துத்தான். தேர்வு எழுதியதும் நான், தாள் திருத்தியதும் நான், பிறகு மார்க்குக்கு என்ன குறைச்சல்!

சாயங்காலம் காயத்தைப் பார்க்க மறுபடி போனேன். ஓசூர் மகனின் வீடியோ கால் வரும் நேரம் அது. வளர்மதி, “நீங்க பேசாதீகண்ணே, நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்” என்று தலையணையைத் திருப்பி, வெட்டில்லாத கன்னம் தெரிகிற மாதிரி அவரைப் படுக்க வைத்திருந்தாள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்குக் காதுக்குக் கீழே விழுந்தது நாளைக்குக் குரல்வளையில் விழுந்தால்? போனை வாங்கினேன்.

“தம்பி, இன்னைக்கி அப்பா கன்னத்துல வெட்டிட்டேன். தண்ணி மேல தப்பில்ல, சோப்பு மேல தப்பில்ல. எம்மேல தப்பு.”

“சொன்னேன்லண்ணே. மெஷின் அனுப்பிவிடுறேன்” என்றான். அப்பாவைக் கூப்பிட்டான். “அப்பா, இனிமே மெஷினே வச்சுக்குவோமா?”

“ஆமா.”

“பாருங்க, அப்பாவே சொல்லிட்டாரு.”

“மூணு மாசமா எனக்கும் இதே சர்ட்டிபிகேட்டுதான் தம்பி குடுத்தாக” என்றேன். வளர்மதி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்கும் புரிந்துவிட்டது. “அப்ப எப்பிடித்தான் கேக்குறது?” என்றான். வளர்மதிதான் வழி சொன்னாள். காயம் ஆறட்டும், மெஷினும் வந்து சேரட்டும், கத்தியையும் மெஷினையும் மாமாவின் இடது கைக்குப் பக்கத்தில் வைப்போம், எதைத் தொடுகிறார் என்று பார்ப்போம் என்றாள். கத்தி முழுசாகச் சரியாகிவிட்டது என்று நான் காட்டினால்தான் அதை வைக்கலாம் என்று மகன் ஒப்புக்கொண்டான்.

இந்த இடத்தில் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கத்தி பிடிக்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது கல்லும் இல்லை, தோலும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கையைப் பாருங்கள். நாற்காலிப் பிடியை அது இறுக்கிப் பிடித்திருந்தால், அவர் வாய் என்ன சொன்னாலும் கத்தியை மடக்கி வையுங்கள். மறுபடி தீட்டப் போகாதீர்கள். பதற்றத்தில் தீட்டியவன் கத்தியைக் கெடுத்திருக்கிறானே தவிர, சரி செய்ததாக நான் பார்த்ததில்லை.

பத்து நாள் அந்தக் கத்தியோடு கிடந்தேன். மடங்கிய வாயை முழுக்கத் தேய்த்தெடுத்து, முதலிலிருந்து கூர் கட்டினேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இந்தத் தடவை கையில் சோதிக்கவில்லை. என் சொந்த முகத்தில், இரண்டு கன்னத்திலும் வழித்துப் பார்த்தேன். பிறகு வெந்நீரில் அலசி, மருந்து போட்டுத் துடைத்து வைத்தேன். தம்பிகளா, பெருமைக்குச் சொல்லவில்லை, என் தொழில் காலத்தில் அப்படி ஒரு கூர் என் கையில் அமைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். மெஷின் வந்து சேர்ந்திருந்தது. ஓசூரிலிருந்து மகன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தியை மடக்கியபடி பெரியவரின் இடது கைக்கு ஒரு பக்கமும், மெஷினை மறுபக்கமும் வைத்தாள் வளர்மதி.

“மாமா, எது வேணுமோ அதத் தொடுங்க.”

கை கத்தியிடம்தான் போனது. அதை எடுத்தார், பிடியைக் கட்டைவிரலால் தடவினார். எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. நாற்பது வருடப் பழக்கம் சும்மாவா என்று வளர்மதியைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தேன். அவர் என் கையைப் பிடித்தார், உள்ளங்கையில் கத்தியை வைத்தார், என் விரல்களை அதன்மேல் மூடினார். பிறகு கையைக் கொண்டுபோய் மெஷின்மேல் வைத்துக்கொண்டார்.

வலித்தது. இல்லையென்று சொன்னால் பொய். அவ்வளவு கூரான கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான் மெஷினை எடுத்தேன். எந்தப் பொத்தான் என்று வளர்மதிதான் காட்டினாள். இடது கன்னத்தில் ஆரம்பித்தேன், மெதுவாக, காயத்தை விட்டு விலகி. பாதிக் கன்னம் போவதற்குள் அவர் வாய் லேசாகத் திறந்துகொண்டது. குறட்டை வந்தது. நாற்காலியில் தூங்கும் ஆளைவிடப் பெரிய பாராட்டு நம் தொழிலில் கிடையாது என்று உங்களுக்கே தெரியும். இந்த மூன்று மாதத்தில் என் கத்திக்குக் கீழே அவர் ஒருநாள்கூடக் கண்ணயர்ந்ததில்லை.

அந்தக் கன்னத்தை முடித்துவிட்டு மெஷினை அணைத்தேன். “எழுப்பட்டுமாண்ணே?” என்றாள் வளர்மதி. வேண்டாம் என்றேன். வலது பக்கத்தைச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொடுத்தேன்.